இலங்கை மலையக ஸ்கூல்கள்ல ஹேண்ட்போல் ஆரம்பிக்கணுமா? புதுசா வர்றவங்களுக்கு ஒரு வழிகாட்டி

கம்பஸ் முடிச்சிட்டு ஊருக்கு திரும்பி வந்து நம்ம புள்ளைங்களுக்கு ஏதாச்சும் செய்யணும்னு நினைக்கிறவங்க, தோட்டத்து ஸ்கூலுக்கு புதுசா நியமனம் கிடைச்ச டீச்சர்மார், வெளிநாட்டுல இருந்துகிட்டு 'போல் வாங்கித் தாறேன், யாருக்கு குடுக்கிறது'ன்னு கேக்குற சொந்தக்காரங்க, எல்லாருக்கும் சேர்த்துத்தான் இத எழுதுறேன். கிரிக்கெட், வொலிபோல், உதைபந்து இந்த மூணும் யாரும் கொண்டு வராமலே நம்ம லயத்துல, தோட்டத்து வரிசை வீடுகள்ல, இருக்கு. அதுல இடம் கிடைக்காத புள்ளைங்கதான் எப்பவும் மதில்ல உக்காந்து பாத்துகிட்டு இருக்கும், அதுல முக்கால்வாசி பொம்பளப் புள்ளைங்க. அவங்களுக்காகத்தான் ஹேண்ட்போல்னு, பந்த கையால எறிஞ்சு கோல் போடுற இன்னொரு விளையாட்டு வேணும்னு சொல்றேன்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன், மத்ததெல்லாம் மறந்தாலும் இத மறக்காதீங்க. மலையகத்துல புது விளையாட்டு நிக்கணும்னா அது ஸ்கூல் நேரத்துக்குள்ள நடக்கணும். ஒன்றரைக்கு மணி அடிச்சதுக்கு அப்புறம் ப்ராக்டிஸ்னு வச்சீங்கன்னா முதல் வாரம் முப்பது பேர் வருவாங்க, அடுத்த மாசம் ஸ்கூலுக்கு பக்கத்து லயத்துல இருக்கிற ஆம்பளப் பசங்க மட்டும்தான் மிஞ்சுவாங்க. ஏன்னா பஸ் போயிரும், டியூஷன் இருக்கு, அம்மா பறிச்ச தேயிலைக் கொழுந்த எடை போட்டுட்டு வீட்டுக்கு வர அஞ்சு மணியாகும், அதுவரைக்கும் தம்பி தங்கச்சிய பாக்க அக்காகாரி வீட்டுல இருக்கணும். போதாததுக்கு மத்தியானத்துக்கு மேல மழையோ மிஸ்ட்டோ இறங்கிரும், ஏப்ரல் மாசம்னா இடி மின்னல் வேற. இது எதையும் நம்மளால மாத்த முடியாது. அதனால காலையில கிடைக்கிற அந்த 40 நிமிஷ பீரியட்டத்தான் நாம பிடிக்கணும்.

ஏன் ஹேண்ட்போல்?

மலையில சமதரைதான் பெரிய பணக்காரச் சாமான். முழு ஹேண்ட்போல் கோர்ட்டுக்கு 40 மீட்டர் நீளம் 20 மீட்டர் அகலம் வேணும், அது நம்ம பக்கத்துல பெரிய மைதானங்கள்ல மட்டும்தான் கிடைக்கும். ஆனா சின்னவங்க விளையாடுற மினி ஹேண்ட்போலுக்கு ஏறத்தாழ 20க்கு 13 மீட்டர் போதும். வொலிபோல் கோர்ட் 18க்கு 9, அதச் சுத்தி கொஞ்சம் வெறும் இடமும் இருக்கும், அப்ப வொலிபோல் கிரவுண்ட் இருக்கிற எந்த ஸ்கூல்லயும் நெட்ட கழட்டினா மினி ஹேண்ட்போல் விளையாடலாம். வொலிபோல் 1991ல தேசிய விளையாட்டா அறிவிச்ச ஒண்ணு, நம்ம தோட்டங்கள்லயும் அந்த கிரவுண்ட் இல்லாத இடம் குறைவு. புதுசா மண் வெட்டி நிலம் சமப்படுத்த வேண்டிய வேலையே இல்லைங்கிறது எவ்வளவு பெரிய விஷயம்னு மலையில ஒரு கிரவுண்ட் வெட்டிப் பாத்தவங்களுக்குத் தெரியும்.

இன்னொரு காரணம் நெட்போல். நம்ம பொம்பளப் புள்ளைங்களுக்கு வலைப்பந்து ஓரளவுக்குப் பழக்கம், பிடிக்கிறது எறியிறது எல்லாம் கையில இருக்கு. பந்த 3 செக்கனுக்கு மேல வச்சிருக்கக் கூடாதுங்கிற சட்டம் ரெண்டு விளையாட்டுலயும் ஒண்ணுதான். அதனால புதுசா ஆரம்பிச்சா பொம்பளப் புள்ளைங்கதான் முதல் நாளே முன்னால நிப்பாங்க, ஆம்பளப் பசங்க பின்னால கத்துக்கிட்டு வருவாங்க. இந்த ஒரு காட்சிக்காகவே நான் ஹேண்ட்போல சொல்லுவேன். உங்களுக்கு வேற விளையாட்டுல அனுபவம் இருந்தா, ஹொக்கியோ கபடியோ டேக் ரக்பியோ, அதையே எடுங்க, கீழ சொல்ற வழி பெரும்பாலும் அதுக்கும் பொருந்தும். ஆனா இடத்த அளந்து பாத்துட்டு எடுங்க.

ஸ்கூல எப்படி தெரிவு செய்றது

ஒரே ஸ்கூல்ல ஆரம்பிக்காதீங்க, பத்து ஸ்கூல்லயும் ஆரம்பிக்காதீங்க. ஒரே பஸ் ரோட்டுல இருக்கிற மூணு நாலு ஸ்கூல எடுங்க. ஹட்டன்ல இருந்து நோர்வூட் ஊடா பொகவந்தலாவ போற ரோடு, இல்ல மஸ்கெலியா ரோடு, பதுளை பக்கம்னா பசறை ரோடு, இப்படி ஒரு ரோட்ட பிடிச்சீங்கன்னா ஒரே நாள்ல ரெண்டு ஸ்கூலுக்கு போய் வரலாம், பின்னால மேட்ச் வைக்கும்போது வேன் காசும் மிச்சம். மலையில மேப்புல ரெண்டு கிலோமீட்டர்னு காட்டுற இடம் ரோட்டுல எட்டு கிலோமீட்டரா இருக்கும், அதனால மேப்ப நம்பாம அந்த ஊர் பஸ் கண்டக்டர்கிட்டயோ த்ரீவீல் அண்ணாமார்கிட்டயோ கேளுங்க.

அந்த மூணு நாலுல ஒண்ணாவது ஆரம்பப் பிரிவு மட்டும் உள்ள சின்ன ஸ்கூலா இருக்கட்டும். பெரிய ஸ்கூல்ல உடனே டீம் கிடைக்கும், உண்மைதான். ஆனா ஒரு விளையாட்டு ஊர்ல பழகணும்னா எட்டு ஒம்பது வயசுல கையில போல் பட்டிருக்கணும். உலக ஹேண்ட்போல் சம்மேளனம் 2011ல இருந்து ஸ்கூல்களுக்குன்னு ஒரு திட்டம் நடத்துது, அதுவும் 5 வயசுல இருந்து 11 வயசு வரைக்கும் உள்ள புள்ளைங்களத்தான் குறி வைக்குது. அவங்க பயிற்சி விளையாட்டுகள இலவசமா போட்டிருக்காங்க, இங்கிலீஷ்ல இருந்தாலும் படம் பாத்தே விளங்கிக்கலாம்.

அனுமதி விஷயம்

வெளி ஆள் ஸ்கூலுக்குள்ள போறதுன்னா சும்மா போக ஏலாது, போகவும் கூடாது. முதல்ல அதிபர போய் பாருங்க, கையில ஒரு பக்கக் கடிதம் இருக்கட்டும்: என்ன விளையாட்டு, எந்த வகுப்பு, வாரத்துல எந்த பீரியட், யார் யார் வருவாங்க, காசு ஏதும் கேக்கப் போறதில்ல. அவர் சரின்னு சொன்னதும் வலயக் கல்வி அலுவலகத்துல உடற்கல்விக்குப் பொறுப்பான உதவிப் பணிப்பாளருக்கு அதிபர் ஊடாவே கடிதம் அனுப்புங்க. நேரா வலயத்துக்குப் போய் அனுமதி வாங்கிட்டு வந்து அதிபர்கிட்ட நீட்டுனா வேல நடக்கும், ஆனா மனசு நடக்காது. பிரதேச செயலகத்துல விளையாட்டு உத்தியோகத்தர்னு ஒருத்தர் இருப்பார், அவரையும் ஒருக்கா பாத்து வச்சுக்கோங்க, மைதானம் நடுவர்னு வரும்போது கைகொடுப்பார்.

கிரவுண்ட் தோட்டத்து நிலம்னா தொரைக்கும், அதாவது தோட்ட மேனேஜருக்கும், ஒரு கடிதம் வேணும். வெல்பெயார் ஆபிசர் ஊடா போனா சுலபம். தோட்டத் தலைவர்மார்கிட்டயும் சொல்லணும், ஆனா ஒரு யூனியன் தலைவர்கிட்ட மட்டும் சொல்லிட்டு மத்தவர விட்டுறாதீங்க. எல்லாருக்கும் ஒரே நாள்ல சொல்லுங்க, ஜெர்சியில யார் படமும் பேரும் வேணாம். நான் இதுல ரொம்ப கறாரா இருக்கிறவன், ஏன்னா புள்ளைங்க விளையாட்டு எந்தக் கட்சிக்காரங்களோடதுன்னு ஒரு பேச்சு வந்துட்டா, பாதி லயம் புள்ளைங்கள அனுப்பாது.

பாதுகாப்பு பத்தி ஒரு வார்த்தை. பெரிய ஆள் ஒருத்தர் தனியா புள்ளைங்களோட இருக்கிற மாதிரி எந்த நேரமும் வரக்கூடாது, பொம்பளப் புள்ளைங்க ப்ராக்டிஸ்ல ஒரு டீச்சரம்மா கட்டாயம் நிக்கணும், புள்ளைங்க படத்த பெற்றோர்கிட்ட கேக்காம ஃபேஸ்புக்ல போடக்கூடாது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையோட நம்பர் 1929, அத புள்ளைங்களுக்கே சொல்லிக் குடுங்க.

ஒரு டீச்சர் இல்ல, ரெண்டு டீச்சர்

நிறைய தோட்டத்து ஸ்கூல்ல உடற்கல்விக்குன்னு படிச்ச ஆசிரியர் இருக்க மாட்டார். இருந்தா சந்தோசம், இல்லாட்டி கவலைப்படாதீங்க. புள்ளைங்களோட சிரிச்சுப் பேசுற ஒரு இளம் டீச்சர் போதும், அவங்க தமிழ் படிப்பிக்கிறவங்களா இருந்தாலும் சரி கணக்கு படிப்பிக்கிறவங்களா இருந்தாலும் சரி. ஆனா கண்டிப்பா ரெண்டு பேர் வேணும். வருஷா வருஷம் இடமாற்றம் வரும், நல்லா ஓடிகிட்டு இருந்த விளையாட்டு ஒரு டீச்சர் மாறிப் போனதும் அப்படியே செத்துப் போறத நம்ம பக்கத்துல எத்தனையோ ஸ்கூல்ல பாக்கலாம். போல் அலமாரிக்குள்ள இருக்கும், சாவி யார்கிட்டன்னு யாருக்கும் தெரியாது. அதனால ஒரு சாவி ஒரு டீச்சர்கிட்ட, இன்னொரு சாவி மத்த டீச்சர்கிட்ட, போல்கள எண்ணிக் குடுத்து எண்ணி வாங்குற பொறுப்பு தரம் 9ல இருக்கிற ரெண்டு மூணு மூத்த புள்ளைங்ககிட்ட.

நீங்க முதல் தவணை முழுக்க முன்னால நின்னு நடத்துறத விட, மூணாவது கிழமையிலயே விசில டீச்சர் கையில குடுத்துட்டு பின்னால நில்லுங்க. அவங்க பிழையா ஊதுனாலும் பரவாயில்ல, அப்புறமா தனியா சொல்லிக் குடுங்க, புள்ளைங்க முன்னுக்கு வேணாம்.

எந்த மாசம் ஆரம்பிக்கிறது

இது இடத்தப் பொறுத்தது. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை பக்கம் மே கடைசியில இருந்து ஓகஸ்ட் செப்டெம்பர் வரைக்கும் தென்மேல் மழை விடாது, அதனால ஆண்டு தொடக்கத்துல ஸ்கூல் இல்லங்களுக்கு இடையில நடக்கிற விளையாட்டுப் போட்டி முடிஞ்ச கையோட ஆரம்பிச்சுருங்க. ஊவா பக்கம், பதுளை பண்டாரவளைன்னா கதை வேற, அங்க ஒக்டோபர்ல இருந்து ஜனவரி வரைக்கும்தான் பெரிய மழை, ஜூன் ஜூலை நல்ல வெயில், அப்ப ஆரம்பிக்கலாம். அந்த இல்லப் போட்டி நடக்கிற நேரத்துல மட்டும் போயிறாதீங்க, எந்த டீச்சருக்கும் தலை நிமிர நேரமிருக்காது.

பீரியட் கேக்கும்போது இன்டர்வலுக்கு அப்புறம் உள்ள பீரியட்டா கேளுங்க. காலையில வெறும் டீத்தண்ணியோட வர்ற புள்ளைங்க நம்மகிட்ட நிறைய பேர். அவங்கள ஏழரை மணி குளிர்ல ஓடவிட்டா மயங்கி விழும். இன்டர்வல்ல ஏதாவது சாப்பிட்டிருக்குமான்னு கேட்டுட்டு ஆரம்பிங்க, சாப்பிடாத புள்ளைய ஓடாதன்னு ஒதுக்கி வைக்காதீங்க, மத்த புள்ளைங்க முன்னுக்கு கேக்கவும் கேக்காதீங்க. ஒரு டின் பிஸ்கட் உங்க பேக்ல இருக்கிறது எந்த கோச்சிங் சர்டிபிகேட்ட விடவும் பெருசு.

போலும் கோலும்

கடையில வாங்குற ஹேண்ட்போல் நல்லதுதான், முடிஞ்சா பத்துப் புள்ளைக்கு ஒண்ணாவது வாங்குங்க. சின்னவங்களுக்கு சுத்தளவு 46லிருந்து 48 சென்ரிமீட்டர், கொஞ்சம் பெரியவங்களுக்கு 50லிருந்து 52. பெரியவங்க விளையாடுற சைஸ் போல் சின்னப் புள்ளைக்கு குடுத்தா ரெண்டு கையாலதான் எறியும், அந்தப் பழக்கம் அப்படியே ஒட்டிக்கும். சோதிக்கிறது சுலபம்: போல தரையில வச்சு மேல இருந்து ஒரு கையால தூக்கச் சொல்லுங்க. விழாம தூக்குனா அந்த சைஸ் சரி.

ஆனா முதல் மாசத்துக்கு கையால செஞ்ச போல்தான் நல்லதுன்னு நான் சொல்லுவேன், காசு இல்லைங்கிறதுக்காக மட்டும் இல்ல. எறியிற போலுக்குப் பயந்து கண்ண மூடுற புள்ளை மெதுவான போல்ல அந்தப் பயத்த விட்டுரும். செய்முறை: பழைய மெத்தை ஸ்பொன்ஜ கையால பிச்சு, ஒரு கிழிஞ்ச நீள சொக்ஸுக்குள்ள இறுக்கமா திணிச்சு உருண்டை பண்ணுங்க. வாய முடிச்சுப் போட்டு மிச்ச சொக்ஸ திருப்பி அதுக்கு மேலயே போடுங்க. பழைய சைக்கிள் டியூப குறுக்கால விரல் அகலத்துக்கு வெட்டுனா வளையம் வளையமா வரும், அத ஒவ்வொண்ணா எல்லாப் பக்கமும் மாட்டிகிட்டே வாங்க, துணி தெரியாம மூடுற வரைக்கும். நடுவுல ஒரு நூலால சுத்தி அளந்து பாருங்க, 48 தாண்டினா ஸ்பொன்ஜ குறைங்க. ரப்பர் இருக்கிறதால ஈரக் கையிலயும் வழுக்காது. பெருசா பவுன்ஸ் ஆகாது, ஆனா நம்ம கிரவுண்ட்ல கடை போலே நேரா பவுன்ஸ் ஆகாது, அதனால ஆரம்பத்துல தட்டித் தட்டிக் கொண்டு போறத விட்டுட்டு பாஸ் மட்டும் பழக்குங்க. இந்த போல புள்ளைங்களே செய்யட்டும், வகுப்புல கைவேலை பாடமாவும் போயிரும்.

மினி கோல் 2.4 மீட்டர் அகலம், 1.6 மீட்டர் உயரம். மூங்கில்ல கட்டலாம், பின்னால உரச்சாக்க பிரிச்சுத் தைச்சு தொங்க விட்டா வலை ரெடி. சுவர் இருந்தா பெயின்ட்ல கோடு போட்டாலே போதும். இரும்புல செய்யிறதுன்னா பின்பக்கம் கட்டாயம் நிலத்தோட கட்டணும் இல்ல மண் மூட்டை வைக்கணும். நிறுத்தி வச்ச கோல்ல புள்ளைங்க தொங்கும், அது கவிழ்ந்தா தலையில விழும். இதுல ஒரு நாள் கூட அசட்டையா இருக்கக் கூடாது.

பள்ளத்துப் பக்கம் மறக்காம ஒரு தடுப்பு வேணும். போல் தேயிலைக்குள்ள உருண்டு போனா புள்ளை பின்னாலயே ஓடும். அட்டை கடிச்சா பரவாயில்ல, குளவிக் கூடு கலைஞ்சா உயிர் போற விஷயம், நம்ம தோட்டங்கள்ல அது தெரியாத வீடு இல்ல. போல் போனா பெரிய ஆள் மட்டும்தான் எடுக்கணும்னு முதல் நாளே சட்டம் போடுங்க. மதில் ஓரத்துல குச்சி நட்டு பழைய கொழுந்து சாக்கோ வலையோ கட்டிட்டா அந்தப் பிரச்சினையே வராது.

ஷூ கேக்காதீங்க. வெறுங்காலோட விளையாடுற புள்ளைக்கு வெறுங்கால்தான் பலம், ஆனா கிரவுண்ட்ல கண்ணாடித் துண்டு, கம்பி இருக்கான்னு ஒவ்வொரு தடவையும் புள்ளைங்களோட வரிசையா நடந்து பாருங்க. சீமெந்துத் தரையில பாசி பிடிச்சிருந்தா அன்னைக்கு ஓட்டம் வேணாம், வகுப்புக்குள்ள உக்காந்து சட்டம் சொல்லிக் குடுங்க.

முதல் வாரங்கள்

முதல் நாள் கோல், சட்டம், விசில் ஒண்ணும் வேணாம். 'பத்து பாஸ்'னு ஒரு விளையாட்டு: அஞ்சு பேர் அஞ்சு பேரா ரெண்டு பக்கம், ஒரு பக்கம் போல் கீழ விழாம பத்து தடவ மாத்திப் பிடிச்சா ஒரு பொயின்ட், எண்ணுறத எல்லாரும் சத்தமா எண்ணணும். வகுப்புல வாயே திறக்காத புள்ளை அன்னைக்கு சத்தம் போடும், நீங்களே பாருங்க. நாப்பது புள்ளைங்க இருந்தா நாலு கூட்டமா பிரிச்சு ஒரே நேரத்துல விளையாட விடுங்க. ஒரு போல வச்சுகிட்டு நீள வரிசையில நிக்க வைக்கிற பயிற்சி வேணவே வேணாம், 40 நிமிஷத்துல ஒரு புள்ளைக்கு மூணு தடவதான் போல் கிடைக்கும்.

அடுத்த வாரம் எறியிறது. எறியிற கையோட எதிர்க் கால் முன்னால, முழங்கை தோளுக்கு மேல, இந்த ரெண்ட மட்டும் சொல்லுங்க. சுவர்ல கரியால வட்டம் போட்டு குறி வைக்கச் சொன்னா மிச்சத்த உடம்பே கத்துக்கும்.

அதுக்கு அடுத்து மினி ஆட்டம். நாலு பேரும் ஒரு கோல்கீப்பரும். சட்டம் நாலே நாலு: போல் கையில இருக்கும்போது 3 எட்டுக்கு மேல வைக்கக் கூடாது, 3 செக்கனுக்கு மேல வச்சிருக்கக் கூடாது, கோல் முன்னால போட்ட வளைவுக் கோட்டுக்குள்ள கீப்பர் மட்டும்தான், யாரும் யாரையும் தள்ளவோ இழுக்கவோ கூடாது. பெரிய ஆட்டத்துல ஒரு பக்கம் 7 பேர், ரெண்டு பாதியும் 30 நிமிஷம், கோட்டுக்கு 6 மீட்டர், பெனல்டிக்கு 7 மீட்டர், பிழை செஞ்சா 2 நிமிஷம் வெளிய, இதெல்லாம் பின்னால மெதுவா வரட்டும். நல்லா விளையாடுற ரெண்டு பேரே போல வச்சுகிட்டு ஆடுனா, கோல் அடிக்க முன்னுக்கு எல்லார் கையும் படணும்னு ஒரு சட்டம் சேருங்க. கோல்கீப்பர சில நிமிஷத்துக்கு ஒருக்கா மாத்துங்க, ஓட முடியாத புள்ளைய அங்க தள்ளி விடுற பழக்கத்த தொடங்கவே விடாதீங்க.

எந்தப் புள்ளை எந்த இடத்துக்குன்னு முதல் வருஷத்துலயே முடிவு கட்டாதீங்க. முரளி 14 வயசு வரைக்கும் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில மீடியம் பேஸ் போட்டுகிட்டு இருந்தவர். ஸ்கூல் கோச் சுனில் பெர்னாண்டோ சொல்லித்தான் ஸ்பின்னுக்கு மாறுனார், அப்புறம் 800 டெஸ்ட் விக்கெட். பக்கத்துல நின்னு பாக்குற ஒரு ஆள் ஸ்கூல்ல இருந்ததாலதான் அது நடந்துச்சு.

விரல் மடங்குறது இந்த விளையாட்டுல சகஜம். குளிர்ந்த தண்ணியில துணிய நனைச்சு சுத்தி, பக்கத்து விரலோட சேர்த்துக் கட்டி, வீங்குனா ஆஸ்பத்திரி. சுளுக்கு எடுக்கிறேன்னு எண்ணெய் போட்டு இழுக்க விடாதீங்க, எலும்பு உடைஞ்சிருந்தா இன்னும் மோசமாகும். தலையில அடிபட்டா அன்னைக்கு விளையாட்டு முடிஞ்சது, 1990க்கு ஃபோன் பண்ணுங்க, அம்புலன்ஸ் இலவசம்.

பொம்பளப் புள்ளைங்க, அம்மாமார், டியூஷன்

காற்சட்டை போடணும்னு சொன்னீங்கன்னா நிறைய வீட்டுல அங்கயே கதை முடிஞ்சிரும். ட்ராக் பொட்டம், லெகின்ஸ், நீளக்கை டீசர்ட், எதுவா இருந்தாலும் சரின்னு முன்கூட்டியே சொல்லிருங்க, ஓட வசதியா இருந்தா போதும். மாதவிடாய் நாள்ல விளையாடலாமாங்கிறத டீச்சரம்மா தனியா பேசட்டும், விரும்புனா விளையாடலாம் விரும்பாட்டி ஸ்கோர் எழுதலாம், காரணம் கேக்கக் கூடாது. டொய்லட்ல தண்ணி வருதான்னு பாருங்க, வராட்டி அதுதான் உங்க முதல் வேலை, போல் வாங்குறது ரெண்டாவது.

அம்மாமார்கிட்ட பேசணும்னா ஞாயித்துக்கிழமை, கோயிலுக்குப் பக்கத்துலயோ ஸ்கூல்லயோ. அவங்க கேக்கிற கேள்வி பெரும்பாலும் ஒண்ணுதான்: 'வெளையாடுனா படிப்பு கெட்டுப் போயிராதா சேர்?' இதுக்கு மழுப்பாம பதில் சொல்லுங்க. இது ஸ்கூல் நேரத்துல நடக்குது, டியூஷன்ல இருந்து ஒரு நிமிஷம் கூட எடுக்கல. புலமைப்பரிசில் பரீட்சை எழுதுற வருஷமும் ஓ/எல் பரீட்சை எழுதுற கடைசித் தவணையும் புள்ளை விரும்புனா நிக்கலாம், முடிஞ்சு திரும்ப வந்தா இடம் இருக்கும். தேசிய மட்டத்துல சாதிச்சு ஏ/எல்லும் பாஸ் பண்ணுனா, பல்கலைக்கழகத்துல விளையாட்டுக்குன்னு விசேட அனுமதி இருக்கிறதையும் சொல்லுங்க, ஆனா அத வாக்குறுதி மாதிரி சொல்லாதீங்க, அந்த இடத்துக்குப் போறது ரொம்ப ரொம்பக் கொஞ்சப் பேர். உங்க புள்ளை நல்லா தூங்கும், நல்லா சாப்பிடும், பத்துப் பேர் முன்னால பேசப் பயப்படாதுன்னு சொல்லுங்க. அது எல்லாப் புள்ளைக்கும் கிடைக்கிறது.

டவுன் ஸ்கூல்களுக்கு

கண்டி மஹியாவ மாதிரி, இல்ல ஹட்டன், நாவலப்பிட்டி, பதுளை டவுன்களுக்குள்ள நெருக்கமா வீடு இருக்கிற இடங்கள்ல வேல செய்யிறீங்கன்னா பஸ் பிரச்சினை இல்ல, இடம்தான் பிரச்சினை. வொலிபோல் கிரவுண்ட் கூட இருக்காது. தார் போட்ட முத்தத்துல மூணு பேர் மூணு பேரா, ஒரே கோல்ல, சுவர்ல பெயின்ட் அடிச்சு ஆரம்பிக்கலாம். போல் ஜன்னல்ல பட்டா ஒடையாத மாதிரி ஸ்பொன்ஜ் போல். சமூக மண்டபம் இருந்தா காலையில யாரும் பாவிக்கிறதில்ல, கேட்டுப் பாருங்க. பக்கத்துல மைதானம் உள்ள பெரிய ஸ்கூல் இருந்தா, அவங்க அதிபருக்கு உங்க அதிபர் எழுதட்டும்.

இன்னொண்ணு இருக்கு, அது மனசுக்கு வலிக்கிற விஷயம். நகரசபை துப்புரவு வேல செய்யிற குடும்பத்துப் புள்ளைங்க தன்னோட விலாசத்த சொல்லவே கூச்சப்படுற நிலைமை இன்னும் இருக்கு. டீமுக்கு பேர் வைக்கும்போது அந்தப் பகுதிய அடையாளம் காட்டுற பேரா வேற யாரும் வைக்க விடாதீங்க, புள்ளைங்களையே கேட்டு வைங்க. 'பாவப்பட்ட புள்ளைங்களுக்கு உதவி'ன்னு பேனர் கட்டிக்கிட்டு வர்ற ஸ்பொன்சர் எவ்வளவு காசு தந்தாலும் வேணாம்னு சொல்லிருங்க. அவங்க வந்து விளையாடுற டீம், உதவிப் பட்டியல் இல்ல.

சீக்கிரமா ஒரு மேட்ச்

கண்டியில ரக்பிக்கு இருக்கிற மவுசு தெரியும்தானே. கிங்ஸ்வூட் கல்லூரியில 1891லயே ரக்பி தொடங்கிருச்சு, ஆனா இன்னொரு ஸ்கூலோட முதல் மேட்ச் 1906லதான், ட்ரினிட்டியோட. நடுவுல 15 வருஷம். இன்னைக்கு உள்ள மவுசெல்லாம் ஸ்கூலுக்கு ஸ்கூல் மேட்ச் வந்ததுக்கு அப்புறம் வளர்ந்தது. நம்ம புள்ளைங்கள அவ்வளவு காலம் காக்க வைக்க ஏலாது, முதல் தவணை முடியிறதுக்குள்ள பக்கத்து ஸ்கூலோட ஒரு ஆட்டம் வச்சிருங்க. நல்லா விளையாட வந்ததுக்கு அப்புறம் வைப்போம்னு தள்ளிப் போட்டா வராது.

கப், பதக்கம் எதுவும் வேணாம். நாலு ஸ்கூலும் ஒரு இடத்துக்கு வரட்டும், ஒவ்வொரு ஸ்கூலும் மூணு சின்ன டீமா பிரிஞ்சு, ஒரு ஆட்டம் 8 நிமிஷம், முடிஞ்சவரைக்கும் வேற வேற ஸ்கூல் டீமோட. மத்தியானம் ஸ்கூல் கலந்து டீம் பிரிங்க, பக்கத்துல உள்ள சிங்கள ஸ்கூலையும் கூப்பிடுங்க. ஒரு பாஸ் குடுக்கிறதுக்கு பாஷை தேவையில்ல, பேர் தெரிஞ்சா போதும், ஒரு நாளைக்குள்ள பேர் கத்துக்கிட்டுருவாங்க. சாப்பாட்டுக்கு அம்மாமார் ரொட்டியும் சம்பலும் செஞ்சு தருவாங்க, சாமான் காச முன்கூட்டியே குடுத்துருங்க. டீம் நல்லா வளர்ந்ததுக்கு அப்புறம் நோர்வூட் தொண்டமான் மைதானம், போகம்பறை, பதுளை வின்சன்ட் டயஸ்னு பெரிய இடங்களுக்கு கேக்கலாம், முழு கோர்ட் அங்கதான் போட முடியும்.

காசு

உங்க சொந்த அக்கவுண்ட்ல யார் காசும் வாங்காதீங்க. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் ஊடா வரட்டும், ரசீது இருக்கட்டும், செலவ ஸ்கூல் நோட்டீஸ் போர்ட்ல ஒட்டுங்க. வெளிநாட்டுல இருக்கிறவங்க கேட்டா ஜெர்சி வேணாம், வேன் காசு குடுங்கன்னு சொல்லுங்க. ஜெர்சி போட்டோவுக்கு அழகு, ஆனா மேட்ச் நின்னு போறது வேன் இல்லாததாலதான்.

இப்பவே செய்ய வேண்டிய பேப்பர் வேலை

ரெண்டாவது வருஷம் கோட்டம், வலயம், மாகாணம்னு போட்டிக்கு பதியும்போது வயசுப் பிரிவுக்கு பிறப்புச் சான்றிதழ் கேப்பாங்க. நம்ம தோட்டங்கள்ல சான்றிதழ் இல்லாத புள்ளைங்க இருக்காங்க, இருந்தாலும் அப்பா பேர் ஒரு மாதிரி, ஸ்கூல் ரெஜிஸ்டர்ல இன்னொரு மாதிரி, சிங்களத்துல எழுதும்போது எழுத்து மாறினதுன்னு எத்தனையோ குழப்பம். போட்டிக்கு ஒரு கிழம இருக்கும்போது இத திருத்த முடியாது. அதனால முதல் மாசத்துலயே பேர் பட்டியல எடுத்து, எந்தப் புள்ளைக்கு சான்றிதழ் இல்ல, எதுல பேர் பொருந்தல்லன்னு வகுப்பாசிரியரோட உக்காந்து பாருங்க. கிராம சேவகர்கிட்ட கடிதம் எடுத்துகிட்டு பெற்றோரோட சேர்ந்து பிரதேச செயலகத்துல இருக்கிற பதிவாளர் பகுதிக்கு நீங்களும் ஒருக்கா போங்க, ஒரு நாள் சம்பளத்த விட்டுட்டு வர்ற அம்மாவ அங்க நாளைக்கு வா நாளைக்கு வான்னு அலைய விடாம பாத்துக்கிறதுக்கு கூட ஒரு ஆள் இருக்கணும். திருத்தி எடுத்த சான்றிதழ் ஓ/எல் எழுதவும் அடையாள அட்டை எடுக்கவும் உதவும், அந்தப் புள்ளை ஹேண்ட்போல விட்டுட்டுப் போனாலும்.